யாருக்கோ எழுதிய பாட்டு

1973இல் அமெரிக்கப் பாடகி டாலி பார்ட்டன் எழுதியது ஒரு ராஜினாமாக் கடிதம். காகிதத்தில் எழுதி நீட்டாமல் பாட்டாகக் கட்டிப் பாடிக்காட்டினார், அவ்வளவுதான் வித்தியாசம். 1967 முதல் போர்ட்டர் வேகனரின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவருக்கு இணையாகப் பாடிக்கொண்டிருந்தவர், இனித் தனியாகப் போவது என்று முடிவு செய்துவிட்டார். வேகனர் விடுவதாக இல்லை. பேசிப் பயனில்லை என்று ஆனபின் பிறந்ததுதான் 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ'. நான் இருந்தால் உனக்கு இடைஞ்சல், அதனால் கிளம்புகிறேன், அன்பு மட்டும் என்றைக்கும் குறையாது என்கிற பாட்டு. அதைக் கேட்டு வேகனர் அழுதுவிட்டார் என்று பார்ட்டனே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

1992இல் விட்னி ஹூஸ்டன் அதை ஒரு திரைப்படத்துக்காகப் பாடினார். அமெரிக்காவின் பில்போர்ட் பட்டியலில் 14 வாரம் முதலிடத்தில் நின்றது. அதற்கப்புறம் அந்தப் பாட்டுக்கு வந்த வாழ்க்கையே வேறு. கல்யாணத்தில் பாடுகிறார்கள், இறுதிச் சடங்கில் பாடுகிறார்கள், பாட்டுப் போட்டிகளில் தொண்டை கிழியப் பாடுகிறார்கள். புதுமணத் தம்பதி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கும்போது பின்னணியில் ஒலிப்பது, தொழில் கூட்டாளி ஒருவரிடம் 'என்னை விட்டுவிடுங்கள்' என்று கேட்ட பாட்டு. அவர்களுக்கு அது தெரிந்தாலும் பாட்டை மாற்றுவார்கள் என்று நான் நினைக்கவில்லை.

இதைச் சும்மா வேடிக்கைத் தகவலாகத்தான் முதலில் எடுத்துக்கொண்டேன். ஆனால் காதல் பாலட்களின் கதையைத் தேடிப் படிக்கப் படிக்க, இதே மாதிரி இடம் மாறிப்போன பாட்டுகள் வந்துகொண்டே இருந்தன. (பாலட் என்றால் என்ன என்று இலக்கணம் சொல்லப்போவதில்லை. நாம் மெலடி என்று சொல்கிறோமே, மெதுவாகப் போகிற, ஒற்றைக் குரல் முன்னால் நிற்கிற காதல் பாட்டு, அதுதான்.) 'அன்செயின்ட் மெலடி' 1955இல் வந்த ஒரு சிறைச்சாலைப் படத்துக்காக அலெக்ஸ் நார்த் இசையமைத்து, ஹை ஸாரெட் எழுதியது. காலம் இவ்வளவு மெதுவாக நகர்கிறதே என்று அதில் ஏங்குகிறவன் ஒரு கைதி. பத்து வருஷம் கழித்து ரைச்சஸ் பிரதர்ஸ் இரட்டையரில் பாபி ஹாட்ஃபீல்ட் தனியாகப் பாடி, இசைத்தட்டின் பின்பக்கத்தில் போட்டார்கள். வானொலிக்காரர்கள் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தையே ஒலிபரப்பினார்கள். 1990இல் இன்னொரு படம், செத்துப்போன காதலனின் ஆவியைப் பற்றியது, அதே பதிவை மறுபடி உலகம் முழுக்கக் கொண்டுபோனது. பிரிட்டனில் நான்கு வெவ்வேறு காலங்களில் நான்கு வெவ்வேறு குரல்களில் அந்தப் பாட்டு முதலிடத்துக்கு வந்திருக்கிறது. சிறைக்கம்பி யாருக்கும் நினைவில்லை.

1983இல் வந்த 'எவ்ரி ப்ரெத் யூ டேக்' இன்னும் மோசம். நீ எடுக்கும் ஒவ்வொரு மூச்சையும் கவனித்துக்கொண்டிருப்பேன் என்று பாடுகிறவன், உண்மையில் உளவு பார்க்கிறவன். இது பயமுறுத்தும் பாட்டு, இதைப் போய் இவ்வளவு பேர் காதல் பாட்டாகக் கேட்கிறார்களே என்று எழுதிய ஸ்டிங்கே வியந்திருக்கிறார். கேட்கிறவர்கள் அவர் பேச்சைக் கேட்பதாக இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. 1784இல் மார்ட்டினி என்ற இசையமைப்பாளர் 'ப்ளெஸிர் தமூர்' என்ற பிரெஞ்சுப் பாட்டுக்கு மெட்டுப் போட்டார். காதலின் இன்பம் ஒரு கணம், காதலின் துயரம் ஆயுள் முழுக்க என்பதுதான் அதன் பல்லவி. 1961இல் எல்விஸ் பிரெஸ்லிக்காக மூன்று பேர் சேர்ந்து அந்த மெட்டை எடுத்து வேறு சொற்கள் வைத்தார்கள். அதுதான் 'கான்ட் ஹெல்ப் ஃபாலிங் இன் லவ்'. காதலில் விழாமல் இருக்க முடியவில்லையே என்று கிறங்குகிற பாட்டு. ஏமாந்தவன் ஒப்பாரி வைத்த மெட்டில், புதிதாக மயங்குகிறவன் பாடுகிறான். இரண்டுமே பொருந்துகின்றன. எல்விஸ் பாடுவதைக் கேட்கும்போது, இவ்வளவு சந்தோஷமான சொற்களுக்கு நடுவில் ஏன் லேசாகத் துக்கம் கசிகிறது என்று பல வருஷம் எனக்குப் புரியாமல் இருந்தது. அந்த மெட்டு இருநூறு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாகத் துக்கத்தைச் சுமந்து வந்திருக்கிறது. ஒரே நாளில் இறக்கி வைத்துவிட முடியுமா என்ன.

ஆக, இந்தப் பாட்டுகளுக்குள் இருக்கும் 'நீ' யார் என்பது கேட்கிறவருக்கு ஒரு பொருட்டே இல்லை. அந்த 'நீ' காலியாக இருப்பதுதான் விஷயம் என்று எனக்குத் தோன்றுகிறது. நமக்கு இது ரொம்பப் பழைய செய்தி. அகப்பாட்டில் யாருடைய பெயரையும் சுட்டிச் சொல்லக்கூடாது என்று தொல்காப்பியம் விதியே வைத்திருக்கிறது. தலைவன், தலைவி, தோழி, அவ்வளவுதான். பெயர் வந்தால் அது அகம் இல்லை. இந்த விதியை உரையாசிரியர்கள் எவ்வளவு கறாராகப் பார்த்தார்கள் என்பதற்கு நெடுநல்வாடை சாட்சி. பிரிவில் வாடும் அரசியும் பாசறையில் உறங்காத அரசனும் என்று, பார்த்தால் முழுக்க முழுக்கக் காதல் பாட்டு. ஆனால் அரசனோடு வரும் வேலில் வேப்பந்தழை கட்டியிருந்தது என்று ஓரிடத்தில் வருகிறது. வேம்பு பாண்டியனின் அடையாளம். ஆள் யார் என்று தெரிந்துவிட்டது, ஆகவே இது புறம் என்று தீர்த்துவிட்டார் நச்சினார்க்கினியர். ஒரு வேப்பந்தழைக்கு இவ்வளவு தண்டனையா என்று மாணவனாக இருந்தபோது சிரித்திருக்கிறேன். இப்போது நச்சினார்க்கினியர் பக்கம்தான் நிற்கிறேன். யாருடைய காதல் என்று தெரிந்த மறுநொடி நாம் வேடிக்கை பார்க்கிறவர்களாகிவிடுகிறோம்.

பெயர் சொல்லும் பாட்டுகளே இல்லையா என்றால், உண்டு. 1970இல் எரிக் கிளாப்டன் 'லைலா' என்று கதறினார். அதை பாலட் என்று சொல்ல முடியாது, அது வேறு வேகம். ஆனால் அங்கேகூட அவர் மனதில் இருந்த பெண் பேட்டி பாய்ட். நண்பர் ஜார்ஜ் ஹாரிசனின் மனைவி. உண்மைப் பெயரைச் சொல்ல முடியாமல் ஒரு பழைய காதல் கதையிலிருந்து பெயரைக் கடன் வாங்கினார்.

பாலட்கள் எனக்கு அறிமுகமான வயதில் ஆங்கிலம் எனக்குப் பாதிகூடப் புரியாது. பாட்டு வேகமாக இருந்தால் ஒன்றுமே புரியாது. மெதுவான பாட்டில் மட்டும் அங்கங்கே ஒரு சொல் பிடிபடும்: இரவு, கண்கள், போகாதே, என்றென்றும். மீதியை நானே நிரப்பிக்கொள்வேன். பிற்பாடு சரியான வரிகளைப் படித்தபோது சில பாட்டுகள் எனக்குக் கொஞ்சம் மட்டமாகவே தெரிந்தன. நான் நிரப்பியிருந்தது இன்னும் நன்றாக இருந்தது. இதைக் கர்வமாகச் சொல்லவில்லை. வரிகளை முழுக்கப் புரிந்துகொண்டவரும் அதையேதான் செய்கிறார், கொஞ்சம் குறைந்த அளவில்.

ஆனால் காலியான 'நீ' மட்டும் போதாது. அந்த 'நீ'யைக் கூப்பிடும் குரல் நம் காதருகில் இருக்க வேண்டும். இது நிகழ்ந்தது ஒரு இயந்திரத்தால். 1925 வரை இசைத்தட்டுப் பதிவு என்றால், ஒரு பெரிய கூம்புக்கு முன்னால் நின்று உரக்கப் பாட வேண்டும். குரலின் அழுத்தம்தான் ஊசியை அசைத்தது. மேடையிலும் அதே நிலைதான்: கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும். கடைசி வரிசைக்குக் கேட்கும்படி 'உன்னைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்' என்று சொல்லிப் பாருங்கள். அறிவிப்பு மாதிரி இருக்கும். 1925இல் மைக் வைத்து மின்சாரப் பதிவு வந்ததும் முதல்முறையாக ஒருவர் முணுமுணுத்தால் லட்சம் பேருக்குக் கேட்டது. ரூடி வேலி, பிங் கிராஸ்பி போன்ற பாடகர்கள் அந்த மைக்கை ஒரு ஆள் போல நினைத்து அதனிடம் பேசினார்கள். க்ரூனர்கள் என்று அவர்களுக்குப் பெயர் வந்தது.

இது எவ்வளவு பெரிய அதிர்ச்சி என்பது எதிர்ப்பைப் பார்த்தால் தெரியும். 1932இல் பாஸ்டன் நகரின் கத்தோலிக்கக் கார்டினல் ஓ'கானல் க்ரூனர்களைக் கடுமையாகக் கண்டித்தார். ஆண்மையற்றது, ஒழுக்கக் கேடு, காது கூசுகிறது என்ற தொனி. அவரைப் பழமைவாதி என்று தள்ளிவிடலாம்தான். ஆனால் நடந்ததை அவர் சரியாகக் கேட்டிருக்கிறார் என்பேன். ஓர் அந்நிய ஆணின் மூச்சு, வானொலிப் பெட்டி வழியாக வீட்டுக்குள் வந்து, கேட்கிற ஒவ்வொருவரையும் தனித்தனியாக 'நீ' என்று கூப்பிட்டது. மனிதக் காதுக்கு அதுவரை அந்த நெருக்கத்தில் பேசியவர்கள் அம்மாவும் காதலரும் மட்டும்தான். மூச்சு விடும் சத்தம், உதடு பிரியும் சத்தம், வரியின் கடைசியில் குரல் தேய்வது, இதெல்லாம் பாட்டின் பகுதியானது அப்போதிலிருந்துதான். இன்று ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு கேட்கும்போது குரல் தலைக்குள்ளேயே இருக்கிறது. கார்டினல் இதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

அப்புறம் மெட்டு. பீட்டில்ஸ் குழுவின் 'யெஸ்டர்டே' பாட்டின் முதல் அசையைக் கவனியுங்கள். பால் மெக்கார்ட்னி 'யெஸ்' என்று அழுத்திப் பிடிக்கும் சுரம், கீழே கிட்டாரில் ஒலிக்கும் கார்டில் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டத்தில்) இல்லாத சுரம். ஒரு படி மேலே தவறி நிற்கிறது. உடனே இறங்கி, போய்ச் சேர வேண்டிய இடத்தில் சேர்ந்துவிடுகிறது. மேற்கத்திய இசையில் இதை அப்போஜியாட்டுரா என்பார்கள். ஒட்டாத சுரம் அழுத்தமான இடத்தில் விழுந்து, நம்மை ஒரு கணம் தவிக்கவைத்து, பிறகு ஒட்டிக்கொள்வது. 1991இல் ஜான் ஸ்லோபோடா என்ற உளவியலாளர், இசையில் எந்த இடத்தில் உடல் சிலிர்க்கிறது, எந்த இடத்தில் கண் கலங்குகிறது என்று கேட்பவர்களையே குறித்துத் தரச் சொல்லி ஆராய்ந்தார். கண் கலங்கிய இடங்களில் இந்த அப்போஜியாட்டுரா நிறையவே இருந்தது. சிலிர்ப்புக்கோ, எதிர்பாராமல் ஒத்திசை மாறுவது போன்ற வேறு காரணங்கள்.

மெதுவான பாட்டில்தான் இது வேலை செய்யும். வேகமான பாட்டில் அந்தத் தவிப்பு வந்த தடம் தெரியாமல் ஓடிவிடும். பாலட்டில் அந்தச் சுரம் நம் முன்னால் நிற்கிறது, நாமும் நிற்கிறோம், அது இறங்கும்வரை மூச்சுப் பிடித்துக் காத்திருக்கிறோம். சொற்களில் பாடுகிறவர் யாருக்காகவோ காத்திருக்கிறார் என்றால், நம் காது ஒரு சுரத்துக்காகக் காத்திருக்கிறது. 'யெஸ்டர்டே'யின் முதல் பகுதி எட்டு தாள அளவுகளுக்குப் பதில் ஏழு தாள அளவுகளில் முடிந்துவிடுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எண்ணிப் பார்க்காதவருக்கும் ஏதோ ஒன்று சீக்கிரம் போய்விட்ட உணர்வு வருகிறது. அவள் ஏன் போனாள், தெரியவில்லை, அவள் சொல்லவும் இல்லை என்பதுதான் பாட்டு. இந்த மெட்டு மெக்கார்ட்னிக்குத் தூக்கத்தில் வந்ததும், சொல் கிடைக்கும்வரை முட்டைப் பொரியலைப் பற்றி ஏதோ உளறலை வைத்து அதைப் பாடிக்கொண்டிருந்ததும் ஊரறிந்த கதை. துக்கம் முதலில் மெட்டில் இருந்தது, காரணம் பிறகு வந்தது.

காத்திருப்பைப் பற்றி மூளை ஆராய்ச்சியும் கொஞ்சம் சொல்கிறது. 2011இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் வலோரி சலிம்பூரும் மற்றவர்களும் செய்த ஆய்வில், இசையில் உச்சமான நொடியின்போது டோபமைன் என்ற, இன்ப உணர்வோடு தொடர்புள்ள வேதிப்பொருள் மூளையில் சுரக்கிறது. அது மட்டுமில்லாமல், அந்த நொடி வரப்போகிறது என்று எதிர்பார்க்கும்போதே மூளையின் இன்னொரு பகுதியில் சுரக்கிறது என்று கண்டார்கள். அவர்கள் பயன்படுத்தியது சொற்கள் இல்லாத வாத்திய இசை என்பதால், காதல் பாட்டுக்கு இதை அப்படியே ஒட்டவைக்க நான் தயங்குவேன். ஆனால் நூறு தடவை கேட்ட பாட்டு ஏன் சலிப்பதில்லை என்பதற்கு இது ஒரு குறிப்பு தருகிறது. வரப்போவது தெரியும் என்பதே அங்கே சுகம்.

இதை மிகத் தெளிவாகப் புரிந்துகொண்டவர்கள் எண்பது, தொண்ணூறுகளின் தயாரிப்பாளர்கள். புரிந்துகொண்டு, கொஞ்சம் மிதமிஞ்சியே பயன்படுத்தினார்கள். விட்னி ஹூஸ்டனின் பதிவில் கடைசிப் பல்லவிக்கு முன் எல்லாம் நின்றுபோகும். ஒரு மௌனம். ஒரு டிரம் அடி. பிறகு சுருதி ஒரு படி ஏறி, குரல் கூரையைப் பெயர்த்துக்கொண்டு போகும். எனக்குச் சுருதி ஏற்றும் இந்த வித்தை பொதுவாகவே பிடிக்காது. சொல்வதற்கு ஒன்றும் மீதமில்லாதபோது சத்தத்தைக் கூட்டுவது போன்றது. ஆனால் அந்த டிரம் அடிக்கு மட்டும் இன்றுவரை தோள் சிலிர்க்கிறது, என்ன செய்ய. 1974இல் வெளிவந்த டாலி பார்ட்டனின் பதிவு மூன்று நிமிடத்துக்கும் குறைவு. அதில் 'வாழ்க்கை உன்னிடம் கருணையாக இருக்கட்டும்' என்று வாழ்த்தும் பகுதியை அவர் பாடவே இல்லை, பேசுகிறார். சாவியை மேசையில் வைத்துவிட்டுச் சொல்வது போல. என் ஓட்டு அதற்குத்தான்.

காதல் பாலட் என்றாலே உதட்டைச் சுழிக்கிறவர்கள் உண்டு. எல்லாம் ஒரே அச்சு, மலிவான உணர்ச்சி, பணம் பண்ணும் உத்தி என்பார்கள். பாதி உண்மை. மோசமான பாலட்கள் ஏராளம். மழை, பிறகு கண்ணீர், பிறகு நட்சத்திரம், நடுவில் சாக்ஸபோன். ஆனால் அச்சு என்பதைக் குறையாகச் சொல்வது சரியாகப் படவில்லை. வெண்பாவும் அச்சுதான். மோசமான பாலட்டின் குறை வேறு இடத்தில் இருக்கிறது. அது கேட்பவருக்கு இடமே வைக்காமல் தானே அழுது தானே கண்ணைத் துடைத்துக்கொண்டுவிடுகிறது.

நண்பர் ஒருவர், ஒரு நீண்ட உறவு முறிந்த பிறகு, இரவெல்லாம் சோகப் பாட்டாகப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அதையே கேட்டுக்கொண்டிருந்தால் எப்படி மனசு ஆறும், கொஞ்சம் கலகலப்பாக ஏதாவது கேளேன் என்றேன். "கலகலப்பான பாட்டைக் கேட்டால் நான் மட்டும்தான் இப்படி இருக்கிறேன் என்று தோன்றுகிறது" என்றார். அவருக்கு நான் கொடுத்தது ஃப்ராங்க் சினாட்ராவின் 1955 ஆல்பம், விடியலுக்கு முந்தைய சிறுபொழுதைப் பற்றியது. ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரே மனநிலை. ஏவா கார்ட்னரோடு சினாட்ராவின் மணவாழ்க்கை நொறுங்கிக் கிடந்த சமயம் பதிவானது. நண்பர் ஏவா கார்ட்னர் யார் என்று கேட்கவில்லை. தேவைப்படவில்லை.

காதலித்து இழந்தவர்களுக்கு மட்டும் என்றால் இந்தப் பாட்டுகளுக்கு இவ்வளவு கூட்டம் இருக்காது. இன்னும் காதலிக்கவே தொடங்காதவர்கள்தான் இவற்றின் மிக விசுவாசமான கூட்டம். மெக்சிகோவின் கான்சுவேலோ வெலாஸ்கெஸ் 1940 வாக்கில், இளம் பெண்ணாக இருந்தபோது, 'பெசாமே முச்சோ' எழுதினார். இதுவே கடைசி இரவு என்பதுபோல் என்னை முத்தமிடு, உன்னை இழந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது என்று கெஞ்சும் பொலேரோ, மெதுவான லத்தீன் அமெரிக்கக் காதல் பாட்டு. அதை எழுதும்வரை தான் யாரையும் முத்தமிட்டதே இல்லை என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். எண்ணற்ற மொழிகளுக்குப் போன பாட்டு அது. பீட்டில்ஸ்கூட 1962 புத்தாண்டு அன்று டெக்கா நிறுவனத்தின் தேர்வில் அதைப் பாடிக்காட்டினார்கள். தேர்வில் தோற்றார்கள், அது வேறு கதை. எனக்கு வியப்பு, முத்தத்துக்கு முன்பே அதை இழக்கும் பயம் அந்தப் பெண்ணுக்கு எப்படி வந்தது என்பதில்தான். வேறு யாருடைய பாட்டிலிருந்தாவது வந்திருக்கும் என்று நினைக்கிறேன். நானும் பிரிவை அனுபவிக்கும் முன்பே பிரிவுக்கான சுரங்களைத் தெரிந்துவைத்திருந்தேன். நிஜமாகவே ஒருவர் போனபோது, எப்படி உட்கார வேண்டும், எந்த ஜன்னலைப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் ஏற்கெனவே பழகியிருந்தது.

பதின்வயதிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் கேட்டவைதான் பின்னாளில் அதிகம் நினைவில் எழும் என்று நினைவாற்றலை ஆராய்கிறவர்கள் சொல்வதுண்டு. அதனால்தான் ஒவ்வொரு தலைமுறையும் தன் காலத்தோடு நல்ல காதல் பாட்டு முடிந்துவிட்டது என்று புலம்புகிறது. 2011இல் அடெல் ஒரு பியானோவை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு 'சம்ஒன் லைக் யூ' பாடினார். நடனப் பாட்டுகள் கோலோச்சிய நேரம். அந்த வருஷமே பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அது முதலிடம். பாலட் செத்துவிட்டது என்று இனி யாராவது எழுதினால் நான் படிக்கப்போவதில்லை.

கடைசியாக ஒரு பாட்டு. 1970இல் பேட்ஃபிங்கர் குழு 'வித்தவுட் யூ'வைப் பதிவு செய்தது. அதை எழுதியவர்கள் இரண்டு பேர். பீட் ஹாமிடம் சரணம் இருந்தது, பல்லவி சரியாக வரவில்லை. டாம் எவன்ஸிடம் ஒரு பல்லவி இருந்தது, அதற்குச் சரணம் அமையவில்லை. தனித்தனியாக, தனித்தனிக் காரணங்களுக்காக எழுதிய இரண்டு அரைகுறைப் பாட்டுகளைச் சேர்த்துத் தைத்தார்கள். குழுவுக்கே அது பெரிதாகப் படவில்லை, தனி இசைத்தட்டாகக்கூட விடவில்லை. ஹாரி நில்சன் பாடி அது 1972இல் முதலிடம் வந்தது. 1994இல் மரியா கேரி பாடி, அந்தப் பழைய பதிவைக் கேட்டிராத ஒரு தலைமுறையே அழுதது. மூன்று பதிவுகளையும் நான் அடுத்தடுத்துக் கேட்டிருக்கிறேன். ஒருவர் முடித்து மற்றவர் தொடங்கும் அந்தத் தையல் எங்கே என்று தெரிந்து வைத்துக்கொண்டுதான் கேட்கிறேன். ஆனாலும் பல்லவி வரும்போது, சரணத்தில் யார் யாரைப் பிரிந்தாரோ அதே ஆள்தான் இங்கேயும் கதறுகிறார் என்று நம்பிவிடுகிறேன்.